அலையாத்தி மண்ணில் கரிமக் கார்பன் இரட்டிப்பாக வருகிறது. குளோரைடா, கணக்கா?

உமரிக்கீரை – கேள்வி

எம்.எஸ்சி. சூழலியல் கடைசி வருஷம். ஆய்வேடு பிச்சாவரத்தில்: மண் கார்பன், மரங்களின் உயிர்த்திரள், இரண்டையும் சேர்த்து ஹெக்டேருக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சுரபுன்னை அதிகமாக இருக்கும் ஓடைக்கரை, உள்ளே வெண்கண்டல் பகுதி, வாய்க்கால் வெட்டி மீட்டெடுத்த பகுதி என்று மூன்று இடங்கள்.

மண்ணை 105 டிகிரியில் காயவைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, வாக்லி–பிளாக் முறையில் (டைகுரோமேட்டால் கரிமத்தை ஆக்சிஜனேற்றி, மீந்த டைகுரோமேட்டை அளப்பது) டைட்ரேஷன் செய்கிறேன். 1 கிராம் மண், 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி., அரை மணி நேரம், பிறகு 200 மி.லி. தண்ணீர், ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம் 10 மி.லி., டைஃபினைல்அமின். 0.5 நார்மல் எஃப்.ஏ.எஸ். (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்) கொண்டு டைட்ரேட் செய்தால் பிளாங்க் (மண் போடாத குடுவை) 24.4 மி.லி., உள்பகுதி மண் ஒன்றுக்கு 12.8 மி.லி.

கணக்கு: (24.4 – 12.8) × 0.5 × 0.003 × 100 × 1.3 × 1.724 = 3.90 சதவீதம்.

எங்கள் துறையில் முன்பு இதே பகுதியில் செய்த ஆய்வேட்டில் எல்லாம் 2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. குளோரைடு குறுக்கிடுகிறது, சில்வர் சல்ஃபேட் போடு என்று வழிகாட்டி சொல்கிறார். அதன் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உண்மையிலேயே குளோரைடுதானா?

இன்னொன்று: மண்ணை எடுக்க பி.வி.சி. குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறேன். அதிலேயே பல்க் டென்சிட்டியும் (கன செ.மீ.க்கு எத்தனை கிராம் காய்ந்த மண்) எடுக்கலாமா? மரங்களுக்குச் சுற்றளவை எந்த உயரத்தில் எடுப்பது என்பதிலும் குழப்பம், முக்கியமாகச் சுரபுன்னைக்கு.


பியூரெட்

சில்வர் சல்ஃபேட் வாங்குவதற்கு முன் உங்கள் கணக்கின் கடைசி எண்ணைப் பாருங்கள். 1.724 என்பது கரிமக் கார்பனைக் கரிமப் பொருளாக மாற்றும் பழைய பெருக்கெண். அதைப் போட்ட பிறகு கிடைப்பது ஆர்கானிக் மேட்டர், ஆர்கானிக் கார்பன் அல்ல. முந்தைய ஆய்வேடு கார்பனைச் சொல்கிறது, நீங்கள் கரிமப் பொருளைச் சொல்கிறீர்கள். அதை எடுத்தாலே 3.90 என்பது 2.26 ஆகிவிடும்.

இரண்டாவது தப்பு பிளாங்கிலேயே தெரிகிறது. 1 நார்மல் டைகுரோமேட் 10 மி.லி.க்கு 0.5 நார்மல் எஃப்.ஏ.எஸ். சரியாக 20 மி.லி. இறங்க வேண்டும். உங்களுக்கு 24.4 இறங்குகிறது. அதாவது பாட்டிலில் 0.5 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது 10 ÷ 24.4 = 0.41 நார்மல்தான். ஃபெரஸ் உப்பு காற்று பட்டால் ஃபெரிக் ஆகிக்கொண்டே போகும். போன வாரம் தயாரித்த கரைசல் இந்த வாரம் அதே வலுவில் இருக்காது. நீங்கள் கணக்கில் 0.5 போட்டதால் இருபது சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டது. நார்மாலிட்டியைப் பாட்டில் சீட்டிலிருந்து எடுக்காதீர்கள், அன்றன்றைய பிளாங்கிலிருந்து எடுங்கள்:

கார்பன் % = 10 × (1 – மாதிரி ÷ பிளாங்க்) × 0.3 × 1.3 ÷ மண்ணின் எடை

உங்கள் எண்களைப் போட்டால் 1.85 வருகிறது. முந்தைய ஆய்வேட்டோடு சண்டை முடிந்தது.

இனி குளோரைடு. அதுவும் டைகுரோமேட்டைத் தின்று கார்பன் மாதிரி கணக்கில் ஏறும், அது உண்மை. ஆனால் எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை, பழியை மட்டும் அதன் மேல் போடுகிறார்கள். வழக்கமான திருத்தம்: மண்ணிலுள்ள குளோரைடு சதவீதத்தை 12ஆல் வகுத்துக் கழிப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. ஒரு கிராம் காய்ந்த மண் ஒரு கிராம் கடல்நீரைப் பிடித்து வைத்திருந்தது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த மண்ணில் 1.9 சதவீதம் குளோரைடு. 12ஆல் வகுத்தால் 0.16. அவ்வளவுதான். இதை 1.3 ஆல் பெருக்குவதற்கு முன்பே கழிக்க வேண்டும், ஏனென்றால் குளோரைடு முழுவதுமாக வினைபுரியும். முழுமையாக வினைபுரியாத கார்பனுக்குத்தான் அந்த 1.3. உங்கள் மாதிரியில் 1.3 போடுவதற்கு முன் வருவது 1.43; 1.43 – 0.16 = 1.27, அதை 1.3 ஆல் பெருக்கினால் 1.65.

0.16 என்பதை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. கார்பன் ஒன்றரை சதவீதம் இருக்கும் மண்ணில் அது பத்தில் ஒரு பங்கு. கோடையில் வறண்டு உப்புப் பூத்த இடமாக இருந்தால் இரண்டு மடங்குகூடப் போகும். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் வெள்ளி வேண்டாம். ஐந்து கிராம் மண்ணை 50 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி வடிகட்டி, சில்வர் நைட்ரேட்டும் பொட்டாசியம் குரோமேட்டும் வைத்து மோர் டைட்ரேஷன் செய்து குளோரைடைக் கண்டுபிடியுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிடிக்கும் வெள்ளி மிகக் குறைவு. சில்வர் சல்ஃபேட் வழியேதான் போவேன் என்றால் ஒரு லிட்டர் அடர் அமிலத்துக்கு 15 கிராம் கரைத்து வைத்து அதில் 20 மி.லி. எடுக்க வேண்டும். மண்ணைத் தண்ணீரில் கழுவி உப்பை எடுக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள்; கரையக்கூடிய கரிமமும் சேர்ந்து போய்விடும்.

அலையாத்தி மண்ணில் உண்மையில் பயப்பட வேண்டியது இரும்பு சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வரும் கறுப்புச் சேறு என்றால் அது இருக்கிறது என்று அர்த்தம். அதில் ஒரு வகையான பைரைட் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைய 15 எலக்ட்ரான் பிடிக்கும். கணக்குப் போட்டால் மண்ணில் 1 சதவீதம் பைரைட் முழுவதும் வினைபுரிந்தால் கிட்டத்தட்ட 0.37 சதவீதக் கார்பன் மாதிரி வேஷம் போடும். குளோரைடைவிட இரண்டு மடங்குக்கு மேல். மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி நிழலில் ஓரிரு நாள் காற்றில் உலர்த்தினால் ஃபெரஸ் இரும்பும் கறுப்பு மோனோசல்ஃபைடும் பெரும்பாலும் போய்விடும், கறுப்பு பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைரைட் அவ்வளவு சுலபமாகப் போகாது. ஒரு கரண்டி மண்ணில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பொங்கி அடங்கிய பிறகு பி.எச். பாருங்கள். 3க்குக் கீழே விழுந்தால் பைரைட் கணிசமாக இருக்கிறது. அந்த மாதிரிகளில் பாதியையாவது சி.எச்.என். கருவிக்கு (மாதிரியை எரித்துக் கார்பனை நேரடியாக அளப்பது) அனுப்புங்கள்.

சின்ன விஷயங்கள். 2 மி.மீ. சல்லடை போதாது. 1 கிராம் எடுக்கும்போது ஒரு வேர்த்துண்டு விழுந்தால் அந்த மாதிரியே கெட்டது. கண்ணுக்குத் தெரியும் வேரை எல்லாம் பொறுக்கிவிட்டு, அகேட் உரலில் அரைத்து 0.5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், இரும்பு உரல் வேண்டாம், இரும்புத் துகள் டைகுரோமேட்டைத் தின்னும். அமிலம் ஊற்றியதும் குடுவை தானாகச் சூடேறி ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போகும், அந்தச் சூட்டில்தான் வினை நடக்கிறது. மின்விசிறிக்குக் கீழே குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் சூடு இறங்கி எண் குறையும். தடித்த அட்டை மேல் வையுங்கள். மாதிரிக்கு 4 மி.லி.க்கும் குறைவாக எஃப்.ஏ.எஸ். இறங்கினால் டைகுரோமேட் தீர்ந்துபோகும் நிலை, 0.5 கிராம் மண்ணில் திரும்பச் செய்ய வேண்டும்.

குரோமியக் கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. டைட்ரேஷன் முடிந்த குடுவைக்குள் எஃப்.ஏ.எஸ். கொஞ்சம் கூடுதலாக விட்டால் ஆறு வேலன்சி குரோமியம் எல்லாம் மூன்றாகிவிடும். சுண்ணாம்பு போட்டு பி.எச். 8–9க்கு ஏற்றினால் பச்சையாகப் படியும், அதை வடித்து எடுத்து ஆய்வகக் கழிவில் சேருங்கள்.


சேற்றுக்கால்

டைட்ரேஷன் பற்றி பியூரெட் எல்லாம் சொல்லியாச்சு. ஆனா ஹெக்டேர் கணக்குல பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு.

கார்பன் இருப்பு (டன்/ஹெக்டேர்) = பல்க் டென்சிட்டி × அடுக்கின் தடிமன் (செ.மீ.) × கார்பன் %

உதாரணத்துக்கு 0.9 × 15 × 1.65 = 22.3 டன். இதுல கார்பனை ரெண்டு தசம இடம் வரைக்கும் அடிச்சுப் பிடிச்சு அளக்குறீங்க, பல்க் டென்சிட்டியை அமுங்குன குழாய்ல எடுக்குறீங்க. சுத்தியலால அடிச்சு இறக்குன குழாய்க்குள்ள சேறு அமுங்கும், அமுங்காம இருக்கவே முடியாது. குழாயை இறக்கினதும், வெளியே எடுக்குறதுக்கு முன்னாடி, ஒரு அளவுகோலால ரெண்டு அளவு எடுங்க: குழாயோட மேல் விளிம்புல இருந்து வெளியே சேத்து மட்டம் வரைக்கும், அதே விளிம்புல இருந்து உள்ளே சேத்து மட்டம் வரைக்கும். வெளியே 20, உள்ளே 32 செ.மீ.ன்னு வெச்சுக்குவோம். ஒரு மீட்டர் குழாய்னா 80 செ.மீ. இறங்கியிருக்கு, உள்ளே 68 செ.மீ. மண்ணுதான் இருக்கு. அமுக்க விகிதம் 68 ÷ 80 = 0.85.

அந்த 0.85ஐ ரெண்டு இடத்துல போடணும். முதல்ல ஆழத்துக்கு: உண்மையான 0–15 செ.மீ. அடுக்குங்கறது குழாய்ல 0–12.75 செ.மீ. ரெண்டாவது, துண்டுல கிடைச்ச பல்க் டென்சிட்டியை 0.85 ஆல பெருக்கணும். ஒண்ணை மட்டும் செஞ்சு ஒண்ணை விட்டுடறவங்கதான் அதிகம். இது மேல கீழ ஒரே மாதிரி அமுங்குச்சுன்னு வெச்சுப் போடற கணக்கு, நிஜத்துல மேல் சேறுதான் கூட அமுங்கும். அதனால அமுக்கம் 20 சதவீதத்தைத் தாண்டினா அந்தக் குழாயைக் கீழே கொட்டிட்டு ஒரு மீட்டர் தள்ளி மறுபடி எடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

இதைவிட நல்ல வழி, பாதி திறந்த ஆகர். நீளவாக்குல பிளந்த குழாய் மாதிரி இருக்கும். கையால அமுக்கி இறக்கி, முழுசா ஒரு சுத்து திருப்பி, மெதுவா உருவணும். அமுக்கம் ரொம்பக் குறைவு, ஆழத்தையும் நேராப் படிக்கலாம். முகத்துல ஒட்டியிருக்கற சேத்தைக் கத்தியால வழிச்சுட்டு அடுக்கு குறிங்க: 0–15, 15–30, 30–50, 50–100. ஒவ்வொரு அடுக்கோட நடுவுல இருந்து 5 செ.மீ. துண்டு. பக்கத்துத் தொழிற்கல்லூரிப் பட்டறையில எஃகுக் குழாயைப் பிளந்து விளிம்பைக் கூர்மையாக்கிக் கொடுப்பாங்க, வெளிநாட்டுக் கருவி வேணும்னு இல்ல. அதுவும் முடியலைன்னா, குழாயைத் திறந்ததும் முனை அறுத்த 20 மி.லி. ஊசிக்குழலை பக்கவாட்டுல குத்தி கன அளவு தெரிஞ்ச துண்டு எடுங்க. குழாய்ல அமுங்குன மண்ணுங்கறதால 0.85 திருத்தம் இதுக்கும் உண்டு.

காயவைக்கறது 60 டிகிரியில, எடை மாறாம நிக்கற வரைக்கும். களிமண் துண்டுன்னா மூணு நாள் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. 105ல போட்டா கரிமத்துல கொஞ்சம் ஆவியாகும், துண்டு செங்கல் மாதிரி இறுகி அரைக்கவும் வராது. பை மேல எழுதறது பென்சில்ல. மார்க்கர் எழுத்து ஈரச் சேத்துல கரைஞ்சு, எந்தத் துண்டு எந்த ஆழம்னு தெரியாமப் போயிடும்.

மரம். வெண்கண்டலுக்கு மார்பு உயரம், தரையில இருந்து 1.3 மீட்டர். அதுக்குக் கீழேயே கிளை பிரிஞ்சிருந்தா ஒவ்வொரு தண்டையும் தனித்தனியா அளந்து தனி மரமா எழுதுங்க, சுற்றளவை எல்லாம் கூட்டி ஒரே மரமாக்காதீங்க. சுரபுன்னைக்கு 1.3 மீட்டர் செல்லாது. அந்த உயரத்துல பாதி மரத்துக்கு முட்டுவேர்தான் இருக்கும். உச்சியில கிளம்புற முட்டுவேருக்கு மேல 30 செ.மீ.ல அளக்கணும். சமன்பாடு எல்லா இனத்துக்கும் பொதுவா கோமியாமா குழு 2005ல கொடுத்தது:

தரைக்கு மேல் (கிலோ) = 0.251 × மர அடர்த்தி × விட்டம்^2.46
வேர் (கிலோ) = 0.199 × மர அடர்த்தி^0.899 × விட்டம்^2.22

10 செ.மீ. விட்டம், அடர்த்தி 0.65ன்னா மேல 47 கிலோ, வேர் 22 கிலோ. கார்பனுக்கு மேல்பகுதியை 0.47 ஆலயும் வேரை 0.39 ஆலயும் பெருக்குவாங்க. அடர்த்தி இனத்துக்கு இனம் மாறும், சுரபுன்னை வெண்கண்டலைவிடக் கனம். ஒரே எண்ணை எல்லாத்துக்கும் போட்டு ஒப்பேத்த வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தையல் டேப்ல அளந்தா கிடைக்கறது சுற்றளவு, 3.14 ஆல வகுத்தாத்தான் விட்டம். டி-டேப்னா நேரா விட்டமே படிக்கும். குழுவுல ஒருத்தர் அதையும் ஒருத்தர் இதையும் வெச்சுட்டு ஒரே கட்டத்துல எழுதினா, சுற்றளவை விட்டம்னு எடுத்த மரம் கணக்குல கிட்டத்தட்ட 17 மடங்கு பெருத்துடும். தாள்ல "சு" "வி"ன்னு தனிக் கட்டம் போடுங்க.


உமரிக்கீரை

பியூரெட், 1.724ஐ ஒரு பழைய மண்ணியல் கையேட்டில் பார்த்து அப்படியே போட்டேன். பழைய எண்கள் எல்லாவற்றையும் பிளாங்க் வைத்துத் திருப்பிக் கணக்கிடுகிறேன், டைட்ரேஷன் தாளில் தேதிவாரியாக பிளாங்க் இருக்கிறது.

இப்போது இரண்டு சந்தேகம். டைகுரோமேட்டே வேண்டாம், மஃபிள் உலையில் எரித்து எடை இழப்பு பார்த்துவிடலாம் என்று ஆய்வகத்தில் ஒரு யோசனை வந்தது. அது பரவாயில்லையா? அடுத்து, சேற்றுக்கால் அண்ணா, மரங்களை அளக்கும் பிளாட் வட்டமா சதுரமா? எத்தனை?


கரிச்சட்டி

எரித்துப் பார்ப்பது மோசமான முறை இல்லை. மலிவு, அமிலம் இல்லை, ஒரே தடவையில் நாற்பது குரூசிபிள் கிண்ணம் உள்ளே போகும். வெறும் கிண்ணத்தை முதலில் 450 டிகிரியில் சுட்டு, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போடுங்கள். அரைத்த மண் 2 முதல் 3 கிராம், 450 டிகிரியில் நாலு மணி நேரம். வெப்பத்தை ஒரேயடியாக ஏற்றினால் வேர்த்தூள் பற்றிக்கொண்டு சாம்பல் பறக்கும், படிப்படியாக ஏற்றுங்கள். 550க்குப் போகாதீர்கள். காவிரி டெல்டா மண்ணில் களி அதிகம். களிமண் கட்டமைப்புக்குள் இருக்கும் நீர் அந்தச் சூட்டில் வெளியேறி, அதுவும் கரிமமாகக் கணக்கில் ஏறும்.

எடை இழப்பிலிருந்து கார்பனுக்கு எப்படிப் போவது என்பதில்தான் பிடி இருக்கிறது. நீலக் கார்பன் (கடலோரச் சூழலில் சேரும் கார்பன்) கையேடுகளில் ஒரு சமன்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது: கார்பன் = 0.415 × எடை இழப்பு + 2.89. அது பசிபிக்கில் பலாவு தீவின் அலையாத்தி மண்ணுக்குப் போட்டது. கரிமம் மிகுந்த மண்ணுக்கு அது பொருந்தலாம். உங்கள் மண்ணில் எடை இழப்பே 6 சதவீதம் என்றால் விடை 5.4 வரும். எடை இழப்பு பூஜ்யமாக இருந்தாலும் 2.89 சதவீதம் கார்பன் இருக்கிறது என்று அது சொல்லும்! நம்மூர் ஆய்வேடுகளில் இதை அப்படியே போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

சரியான வழி: எல்லா மாதிரியையும் எரியுங்கள். அதில் எடை இழப்பு குறைந்தது முதல் கூடியது வரை பரவலாகப் பதினைந்து மாதிரி தேர்ந்தெடுத்து சி.எச்.என். கருவிக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் நேர்கோடு போட்டு உங்கள் மண்ணுக்கான சமன்பாட்டை நீங்களே எடுங்கள். அனுப்பும் முன் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் இருக்கிறது, சி.எச்.என். அந்தக் கார்பனேட்டையும் சேர்த்து அளந்துவிடும். அமில ஆவியில் வைத்து எடுத்த பிறகே அனுப்ப வேண்டும். வாக்லி–பிளாக் கார்பனேட்டைத் தொடாது, அந்த ஒரு வகையில் அது தேவலை.


பியூரெட்

கரிச்சட்டி சொல்வதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏற்கனவே வாக்லி–பிளாக் செய்த மாதிரிகளைத் தூக்கிப்போட வேண்டாம். அதே பதினைந்து மாதிரிக்கு மூன்று முறையும் இருந்தால், 1.3 என்ற திருத்தம் உங்கள் மண்ணுக்குப் பொருந்துகிறதா என்றே காட்டலாம். அந்த எண் கார்பனில் 77 சதவீதம்தான் வினைபுரிகிறது என்ற சராசரியிலிருந்து வந்தது. மண்ணுக்கு மண் மாறும். ஆய்வேட்டில் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கினால் புறத்தேர்வாளர் அங்கேதான் நிற்பார்.


சேற்றுக்கால்

பிளாட்டுக்கு காஃப்மன், டொனேட்டோ 2012ல எழுதுன நெறிமுறைதான் எல்லாரும் எடுக்கறது: நீர்விளிம்புக்குச் செங்குத்தா ஒரு கோடு, அதுல 25 மீட்டருக்கு ஒண்ணா ஆறு வட்டம். 5 செ.மீ. விட்டத்துக்கு மேல உள்ள மரத்துக்கு ஆரம் 7 மீட்டர், அதுக்குக் கீழ உள்ளதுக்கு உள்வட்டம் 2 மீட்டர். 7 மீட்டர் வட்டம் 154 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு மாத்த 65 ஆல பெருக்கணும். 2 மீட்டர் வட்டத்துக்கு 796 ஆல. ரெண்டையும் மாத்திப் போட்டா கன்றுகளோட எடை மரத்தைத் தாண்டி நிக்கும்.

ஆனா பிச்சாவரத்துல இதை அப்படியே போட்டா சிக்கல். சுரபுன்னை ஓடையோரத்துல ஒடுங்கின பட்டையாத்தான் நிக்குது, 7 மீட்டர் ஆரத்துல வட்டம் போட்டா பாதி தண்ணியிலயும் மீதி வெண்கண்டல்லயும் போய் விழும். கரைப்பட்டைக்கு மட்டும் ஓடைக்கு இணையா 5 × 20 மீட்டர் செவ்வகம் போடுங்க. பரப்பு வேற வேறயா இருந்தாலும் ஹெக்டேருக்கு மாத்திட்டா ஒப்பிடலாம், முறையில தெளிவா எழுதணும், அவ்வளவுதான்.

மீட்டெடுத்த பகுதிக்கு இன்னொண்ணு. அங்கே பழைய காலத்துல கூப்பு முறையில (பகுதி பகுதியா, ஒட்டுமொத்தமா) மரம் வெட்டி நிலம் தொட்டி மாதிரி பள்ளமாயி, அலை வந்த தண்ணி வடியாம நின்னு, வெயில்ல உப்பேறி, கன்னு எதுவும் வராமப் போச்சு. அதுக்குத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவுல வாய்க்கால் வெட்டி நட்டாங்க. வாய்க்கால் தோண்டுன மண் கரைமேல கிடக்கும். அந்த மேட்டுல ஆகரைக் குத்தினீங்கன்னா கீழ் அடுக்கு மேல, மேல் அடுக்கு கீழன்னு தலைகீழா வரும், ஆழத்துக்கும் கார்பனுக்கும் தொடர்பே இல்லாத மாதிரி தெரியும். வாய்க்கால் விளிம்புல இருந்து தள்ளி, ரெண்டு வாய்க்காலுக்கு நடுவுல எடுங்க.


நெல்லிக்குப்பம்_புள்ளியியல்

எத்தனை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முன்னோட்டமாக ஒவ்வொரு பகுதியிலும் நாலைந்து பிளாட் எடுத்து மாறுபாட்டுக் கெழு (திட்டவிலக்கம் ÷ சராசரி) என்ன என்று பாருங்கள். தேவையான எண்ணிக்கை ஏறத்தாழ (2 × மாறுபாட்டுக் கெழு ÷ ஏற்கத்தக்க பிழை)². கெழு 40 சதவீதம், 20 சதவீதப் பிழை போதும் என்றால் 16 பிளாட். பிழையை 10 ஆக்க ஆசைப்பட்டால் 64, எம்.எஸ்சி.க்கு அது நடக்காத காரியம். மரத்தைவிட மண் பொதுவாக மாறுபாடு குறைந்தது என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

அதைவிட முக்கியம்: ஒரு ஆகரிலிருந்து நாலு அடுக்கு எடுத்தால் அது நாலு மாதிரி ஆகாது. ஒரே கோட்டில் உள்ள ஆறு பிளாட்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. பகுதிக்கு ஒரே ஒரு கோடு போட்டு, 24 துண்டை 24 சுதந்திர மாதிரி என்று அனோவாவில் (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) கொடுத்தால் எல்லாமே "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்றுதான் வரும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். பகுதிக்குக் குறைந்தது மூன்று கோடு, ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில், இயன்றால் வெவ்வேறு ஓடைகளில் போடுங்கள். ஆறு பிளாட்டை ஒரே கோட்டில் குவிப்பதைவிட மூன்று கோட்டில் மூன்று மூன்றாக எடுப்பது மேல். படகுச் செலவு மட்டும் கொஞ்சம் கூடும். ஆர் மென்பொருளில் எல்.எம்.இ.4 தொகுப்பு: பகுதியும் ஆழமும் நிலையான விளைவு, கோடும் அதற்குள் ஆகர் துளையும் சமவாய்ப்பு விளைவு.

மொத்த இருப்பைச் சொல்லும்போது பிழையையும் கடத்த வேண்டும். மண், மரம், வேர் ஒவ்வொன்றின் திட்டப்பிழையை வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். நேராகக் கூட்டாதீர்கள். எந்த ஆழம் வரை என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். ஒரு மீட்டர் வரை எடுத்த எண்ணை மூன்று மீட்டர் வரை எடுத்த வேறு நாட்டு எண்ணோடு வைத்துப் பேசும் ஆய்வேடுகள் ஏராளம்.


கிள்ளைப்படகு

மேலே யாரும் தொடாத ரெண்டு விஷயம்.

அனுமதி. அது காப்புக்காடு, 2022லிருந்து ராம்சர் (சர்வதேச ஈரநிலப்) பட்டியலிலும் இருக்கிறது. படகுத்துறையில் டிக்கெட் எடுத்து உள்ளே போய் மண் எடுக்க முடியாது. துறைத்தலைவர் கடிதம், ஆய்வுத் திட்டச் சுருக்கம், பிளாட் குறித்த வரைபடம், எவ்வளவு மண் எடுக்கப் போகிறீர்கள் என்ற கணக்கு, கூட வருபவர்கள் பெயர் எல்லாம் சேர்த்து வனத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மரம் எதையும் வெட்ட மாட்டோம், சமன்பாட்டில் கணக்கிடுவோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும். பருவத் தேர்வு முடிந்ததும் போகலாம் என்று கடைசி நேரத்தில் கொடுத்தால் அந்தப் பருவமே போய்விடும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கொள்ளிடத்து வெள்ளமும் சேர்ந்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும், ஆகர் துளை உடனே நிரம்பிவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தோது. அலை ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் சேற்றில் நடப்பதற்கு அந்த முக்கால் மீட்டரே போதும் வித்தியாசம் காட்ட. வற்றம் தொடங்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

அடுத்தது தில்லை. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம், அலையாத்திக்குள் கொஞ்சம் மேடான இடங்களில் நிற்கும். பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளம். சுற்றளவு எடுக்கும்போது முகத்துக்கு நேரே கிளையை ஒடித்து வழி செய்யாதீர்கள், அரிவாளே வேண்டாம். அளப்பவர் முழுக்கைச் சட்டை, கண்ணாடி, ரப்பர் கையுறை போட வேண்டும். அந்தக் கையுறையோடு முகத்தைத் துடைக்கக் கூடாது. ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் படகில் தனியாக இருக்கட்டும், குடிக்க அல்ல, கண் கழுவ. பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனை.

மூச்சுவேர் மேல் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். பழைய காலுறைக்கு மேல் கயிறு கட்டும் கேன்வாஸ் ஷூதான் சரி. கம்பூட் போட்டால் முழங்கால் சேற்றில் பூட் உள்ளேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும்.


உமரிக்கீரை

விண்ணப்பத்தில் மண் அளவு கிலோவில் கேட்கிறார்கள். பகுதிக்கு மூன்று கோடு, கோட்டுக்கு மூன்று துளை, துளைக்கு நாலு துண்டு என்றால் மொத்தம் 108 துண்டு. குழாய் உள்விட்டம் 7.5 செ.மீ. எவ்வளவு போடலாம்?


சேற்றுக்கால்

5 செ.மீ. துண்டுக்கு 221 கன செ.மீ. ஈரச் சேறு கன செ.மீ.க்கு ஒன்றரை கிராம்னு வெச்சா துண்டுக்கு 330 கிராம், 108க்கு 36 கிலோ. கெட்டுப்போற துளைக்கும் சேர்த்து 45ன்னு போடுங்க. 5 செ.மீ. உள்விட்ட ஆகர்னா துண்டு 98 கன செ.மீ.தான், எல்லாம் சேர்ந்து 16 கிலோ. 20ன்னு எழுதினாப் போதும். ஐஸ் பெட்டியும் ஒண்ணுல முடிஞ்சிடும்.